1832க்கு முன்னாடி வில்ட்ஷயர் எம்பி கணக்குல ரெண்டு குறையுது, உதவி பண்ணுங்க

வைகைக்கரை:
எம்.ஏ. ப்ராஜெக்டுக்காக, எம்பி தொகுதிகளை மாத்தி அமைச்ச 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல எந்த கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) எத்தனை எம்பின்னு எக்செல்ல போட்டுட்டு இருக்கேன், வில்ட்ஷயருக்கு புக்குல 34னு இருக்கு, எனக்கு 32 தான் வருது, நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூட்டிக் கூட்டிப் பாத்துட்டேன். அங்க இருக்கற சாலிஸ்பரி ஊருக்கே நியூ சாரம்னு ஒரு பேரு இருக்கறதால, ஓல்ட் சாரம்ங்கிற வரியை டூப்ளிகேட்னு நினைச்சு தூக்கிட்டேன். அதான் தப்பா?

கோட்டைமேடு:
அதே தாம்மா. ரெண்டும் வேற வேற ஊர். ஓல்ட் சாரம் மேட்டு மேல இருந்த பழைய கோட்டை ஊர், 1220ல கீழ புதுசா பேராலயம் கட்ட ஆரம்பிச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா சனமெல்லாம் அங்க இறங்கிருச்சு. ஊர் காலி, ஆனா ரெண்டு எம்பி சீட்டு மட்டும் அப்படியே நின்னுச்சு. 1831ல ஓட்டு இருந்தது 11 பேருக்கு, ஒருத்தர் கூட அங்க குடியில்ல. அந்த வரியைத் திரும்ப சேருங்க: 16 ஊருக்கு ரெண்டு ரெண்டு, கவுண்டிக்கு தனியா 2, சரியா வரும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணா! குடியே இல்லாத ஊர்ல எப்படி ஓட்டு போட்டாங்க?

கோட்டைமேடு:
ஓட்டு மனுசனுக்கு இல்லம்மா, மனைக்கு. பர்கேஜ்னு சொல்ற பழைய மனை யார் பேர்ல இருக்கோ அவருக்குத் தான் ஓட்டு. அதனால நிலத்தை மொத்தமா வளைச்சவர் கையில ரெண்டு எம்பியும். எலெக்‌ஷன் அன்னைக்கு வயல்ல ஒரு எல்ம் மரத்தடியில கொட்டாய் போட்டு எம்பியை அறிவிச்சுட்டு கொட்டாயைப் பிரிச்சுருவாங்க. உழைச்சு வரி கட்டின மான்செஸ்டர் சனத்துக்கு அப்போ தனியா ஒரு எம்பி கூட கிடையாது, அதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

சாந்தோம்:
மெட்ராஸ் கவர்னர் தாமஸ் பிட் பிட் வைரம்னு சொல்ற அந்தப் பெரிய வைரத்தை வித்த காசுல வாங்கின ஊர் தானே இது?

கோட்டைமேடு:
வருசம் இடிக்குதே சார். அவர் ஓல்ட் சாரத்தை வாங்கினது 1691 வாக்குல, கவர்னரா செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தது 1698ல, வைரம் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு வித்தது 1717ல. முன்னாடியே கிழக்கிந்தியக் கம்பெனி தடையை மீறி இந்தியாவுல வியாபாரம் பண்ணி சம்பாதிச்சிருந்தார். 1802ல தான் பிட் குடும்பத்துக்கிட்ட இருந்து ஊர் கைமாறுச்சு.

வைகைக்கரை:
34 வந்துருச்சு! தாமஸ் பிட்டோட பேரன், பின்னாடி பிரதமரான மூத்த வில்லியம் பிட்டை 1735ல சாலிஸ்பரி எம்பின்னு போட்டு வச்சிருந்தேன், அவரையும் ஓல்ட் சாரத்துக்கு மாத்திட்டேன்.