நியர் மிஸ் ரிப்போர்ட்: 'ஹெல்மெட் போட்டிருந்தார்' என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

ஏணிப்படி:
வணக்கம். சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஒர்க்கராக இருந்த என்னை இப்போதுதான் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். சைட் வேலையில் பயமில்லை, எழுத்து வேலைதான் இழுக்கிறது. சேஃப்டி கோர்ஸைத் தமிழிலேயே படித்துப் பாஸ் பண்ணிவிட்டேன். ஆனால் நியர் மிஸ் (விபத்தாகப் பார்த்து, யாருக்கும் அடிபடாமல் தப்பிய சம்பவம்) ஃபார்மை இங்கிலீஷில்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

நடந்தது இதுதான். காலை பத்தரைக்கு எங்கள் ஆள் ஒருவர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மூன்றாவது படி உடைந்தது. விழப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பைப்பைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் அடி இல்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. தமிழில் 'கொண்டிருந்தார்' என்று வந்தால் 'வாஸ்' போட்டு 'இங்'. மற்றதெல்லாம் சிம்பிள் பாஸ்ட். 'ஏறிக்கொண்டிருந்தார்' என்றால் 'வாஸ் கிளைம்பிங்', 'உடைந்தது' என்றால் 'ப்ரோக்'. இதுவரைக்கும் சரிதானே? ஆனால் 'போட்டிருந்தார்' என்பதற்கு எது? ரூமில் ஒருவர் 'ஹேட் புட்' என்கிறார், இன்னொருவர் 'வாஸ் புட்டிங்' என்று சத்தியம் செய்கிறார். 'விழப் பார்த்தார்' என்பதற்கு 'வாஸ் ஃபாலிங்' போடலாமா? நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

நைட் ஷிஃப்ட்:
போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறதே அண்ணா. அதில் போட்டு, வருவதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

பழைய சேஃப்டி:
யார் படிப்பார்கள் என்று நான் சொல்கிறேன் தம்பி. அங்கே சேஃப்டி கோஆர்டினேட்டராக இருந்துவிட்டு இப்போது புதுக்கோட்டைப் பக்கம் வந்து செட்டில் ஆனவன் நான். நியர் மிஸ் என்பதால் பேப்பர் ஆபீஸோடு நிற்கிறது. அதே படி உடைந்து, ஆள் விழுந்து, மெடிக்கல் லீவ் கொடுத்திருந்தால் கம்பெனி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். விசாரிக்க வருகிறவர் சூப்பர்வைசர் எழுதியதை வைத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்பார்.

இப்போது ஏணிப்படி கேட்டதற்கு வருகிறேன். 'ஹி வாஸ் புட்டிங் ஆன் ஹிஸ் ஹெல்மெட்' என்று எழுதினால் என்ன அர்த்தம் தெரியுமா? ஏணியில் ஏறும்போதே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார், இன்னும் மாட்டி முடிக்கவில்லை என்று அர்த்தம். ஹெல்மெட் இல்லாத ஆளை ஏற விட்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எழுத வேண்டியது: 'ஹி வாஸ் வேரிங் எ ஹெல்மெட்'.

'ஹேட் புட் ஆன்' இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் முன்னாடியே மாட்டினார் என்பதோடு அது நின்றுவிடும். படி உடைந்த நேரத்தில் தலையில் இருந்ததா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கே இடம் வைக்கக் கூடாது.

உங்கள் கணக்கு நல்ல கணக்குதான், விட்டுவிடாதீர்கள். ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை. உடம்பு ஒரு நிலையில் அப்படியே இருப்பதைத் தமிழில் 'கொண்டு' இல்லாமலே சொல்லிவிடுகிறோம். உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார், நின்றிருந்தார், பிடித்திருந்தார், சட்டை போட்டிருந்தார். இவை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் 'வாஸ்', 'இங்' உண்டு. வாஸ் சிட்டிங், வாஸ் லையிங், வாஸ் ஸ்டாண்டிங், வாஸ் ஹோல்டிங், வாஸ் வேரிங். சைட் ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வருவது இவைதான், அப்படியே மனப்பாடம் பண்ணிவிடுங்கள். அதற்காக 'வந்திருந்தார்', 'போயிருந்தார்' என்பதையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அங்கேதான் உங்கள் ரூம்காரர் சொன்ன 'ஹேட்' வரும்.

'வாஸ் ஃபாலிங்' வேண்டவே வேண்டாம். படிக்கிறவர் மனதில் ஆள் அந்தரத்தில் நிற்பார், அப்புறம் என்ன ஆனார் என்று தேடுவார். விழப் பார்த்தார் என்றால் 'ஹி ஆல்மோஸ்ட் ஃபெல்'. இந்த 'ஆல்மோஸ்ட்' இல்லையென்றால் அது நியர் மிஸ்ஸே கிடையாது.

சந்தேகம் வந்தால் ஃபார்மில் நேரம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். 10.30க்கு 'டக்'கென்று நடந்து முடிந்தது எதுவோ அது சிம்பிள் பாஸ்ட்: ப்ரோக், ஸ்லிப்ட், ஃபெல். 10.30க்கு முன்னாலேயே ஆரம்பித்து, 10.30க்கும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது எதுவோ அது 'வாஸ்', 'இங்'. நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிரிப்பிலேயே தேறிவிடும்.

ஃபயர் டிரில் ரிப்போர்ட்டும் உங்கள் தலையில்தான் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'வென் தி அலாரம் ரேங், வி லெஃப்ட் தி பில்டிங்' என்றால் அலாரம் அடித்தது, அதைக் கேட்டு வெளியேறினீர்கள். 'வென் தி அலாரம் ரேங், வி வேர் லீவிங் தி பில்டிங்' என்றால் அலாரம் அடிக்கும் முன்பே கிளம்பிவிட்டீர்கள். டிரில் எதற்கு நடத்தினோம் என்று ஆபீஸில் கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:
சார் சொன்னது அத்தனையும் சரி. 'கொண்டிருந்தோம்' கணக்கு ஏமாற்றும் இன்னோர் இடம் இருக்கிறது. 'நேற்று மூன்று மணி நேரம் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம்' என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். இங்கிலீஷில் மொத்த நேரத்தையும் அளந்து சொல்லி, வேலையும் முடிந்துபோயிருந்தால் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட்டே போதும்: 'வி போர்ட் கான்கிரீட் ஃபார் த்ரீ ஹவர்ஸ்'. நடுவில் எதுவோ குறுக்கிட்டால்தான் 'வேர் போரிங்': 'வி வேர் போரிங் கான்கிரீட் வென் தி பம்ப் ஸ்டாப்ட்'.

அப்புறம் இல்லை என்று எழுதும்போது 'டிட் நாட் வென்ட்', 'டிட் நாட் ப்ரோக்' என்று எழுதாதீர்கள். என் வகுப்பில் இதற்குத் தமிழையே காட்டுவேன். 'வரவில்லை' என்கிறோம், 'வந்தவில்லை' என்று யாராவது சொல்கிறோமா? 'வர' என்பது காலம் காட்டாமல் சும்மா நிற்கிறது. அதே மாதிரி 'டிட்' வந்துவிட்டால் காலம் காட்டுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், பின்னால் வருவது 'கோ', 'ப்ரேக்', 'ஃபால்' என்று வெறுமனே நிற்கும். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் மறப்பதில்லை.

டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலை ஆரம்பிக்கும் முன் சைட்டில் நடக்கும் சேஃப்டி பேச்சில், வாய்விட்டுச் சொல்லும்போது ஸ்லிப்ட், ஸ்டாப்ட், செக்ட் என்று ஒரே வீச்சில் முடியுங்கள். ஸ்லிப்பெட், செக்கெட் என்று இழுக்க வேண்டாம். லிஃப்டெட், லோடெட் மாதிரி, அடிச்சொல்லே t சத்தத்திலோ (லிஃப்ட்) d சத்தத்திலோ (லோட்) முடிகிற வினைச்சொல்லுக்குத்தான் அந்த 'எட்'.

ஏணிப்படி:
ரொம்ப நன்றி சார், டீச்சர். ரூமில் 'வாஸ் புட்டிங்' கட்சி தோற்றுப்போய் டீ வாங்கிக் கொடுத்தது. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

'அட் 10.30 ஏஎம், தி வொர்க்கர் வாஸ் கிளைம்பிங் எ லேடர். ஹி வாஸ் வேரிங் எ ஹெல்மெட். ஐ வாஸ் ஸ்டாண்டிங் பிலோ அண்ட் ஹோல்டிங் தி லேடர். தி தேர்ட் ரங் ப்ரோக் அண்ட் ஹி ஆல்மோஸ்ட் ஃபெல். ஹி வாஸ் கிராபிங் எ பைப். நோபடி வாஸ் ஹர்ட்.'

நைட் ஷிஃப்ட்:
அண்ணா, ஆப் இதைவிட நன்றாக எழுதாது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய சேஃப்டி:
ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். 'ஹி கிராப்ட் எ பைப்'. பிடித்துக்கொண்டார் என்பதில் 'கொண்டு' இருப்பதைப் பார்த்து 'இங்' போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 'கொண்டு' மட்டும் வந்தால் போதாது, பின்னால் 'இருந்தார்' வர வேண்டும். பிடித்துக்கொண்டார் என்றால் சட்டென்று பிடித்தார், வேலை முடிந்தது. பிடித்துக்கொண்டிருந்தார் என்றால்தான் 'வாஸ்', 'இங்'. கடைசி வரியில் இருக்கும் 'வாஸ்' இதில் சேராது. அது 'அடிபடவில்லை' என்பதற்கு வந்தது, அதை அப்படியே விடுங்கள்.

மற்றதில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் படி ஏன் உடைந்தது என்று அதே ஃபார்மில் கீழே கேட்டிருப்பார்கள். 'ஐ செக்ட் தி லேடர் பிஃபோர் வொர்க்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். சிம்பிள் பாஸ்ட் சரியாகத்தான் இருக்கும், காலையில் உண்மையிலேயே செக் பண்ணியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.