பைலட் பயிற்சி: எந்தப் பள்ளி, எந்தப் புத்தகம்?

கேள்வி:
பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்தேன். அப்பா நிலத்தை அடமானம் வைக்கப் போகிறார். ஒரு பள்ளியில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா? எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

பதில் 1:
தம்பி, மொத்தமாகக் கட்டவே கட்டாதே. முதலில் விமானிகளுக்கான கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனை, அப்புறம் கிளாஸ் 1. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பள்ளியைப் பார்.

சிபிஎல்லுக்கு (வணிக விமானி உரிமம்) 200 மணி நேரம் பறக்க வேண்டும். நான் படித்த இடத்தில் ஒரு செஸ்னா பயிற்சி விமானம் மாதக்கணக்கில் இன்ஜின் இல்லாமல் ஹேங்கரில் நின்றது. விடியும் முன்பே யூனிஃபார்மோடு வந்து, அன்று பறப்பவர்கள் பட்டியல் போர்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதனால் நேரில் போய்ப் பார். இன்று எத்தனை விமானம் பறக்கிறது, பயிற்றுநர்கள் எத்தனை பேர், மழைக்காலத்தில் என்ன நிலைமை என்று மாணவர்களிடமே கேள். கட்டணத்தைத் தவணையாகக் கட்டு. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு விமானப் பயிற்சி அகாடமியின் நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்.

பதில் 2:
வானிலைக்கு ஐ.சி.ஜோஷி எழுதிய புத்தகம், விதிமுறைகளுக்கு ஆர்.கே.பாலி எழுதியது. நேவிகேஷனுக்கு (வழி கணிப்பு) ஆக்ஸ்ஃபோர்டு புத்தகங்கள். சிபிஎல் எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். கேள்வி வங்கியை மட்டும் மனப்பாடம் செய்தால் நேவிகேஷனில் மாட்டிக்கொள்வாய். காற்று விமானத்தை எவ்வளவு தள்ளும் என்று கணக்கிடும் காற்று முக்கோணத்தைத் தாளில் வரைந்து பழகு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்பாவை அடமானத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கிறேன்.