கட்டெறும்புக்குக் கூடு: ஏஏசி கல்லா, அக்ரிலிக்கா?

கல்தச்சன் (மதுரை):
கோடை மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்குக்குக் கீழ பிடிச்ச கட்டெறும்பு ராணி, இப்ப டெஸ்ட் டியூப் கொள்ளாத அளவுக்குக் குடும்பம் வச்சிருச்சு. அடுத்த வீடு கட்டணும். பக்கத்துல கட்டட வேலை நடக்கிற இடத்துல மிச்சமான ஏஏசி கல் (உள்ள காத்துக் குமிழி நிறைஞ்ச, லேசான வெள்ளை கான்கிரீட் கல்) ஒண்ணு சும்மாவே கொடுத்தாங்க. ரெண்டடி நீளம், எட்டு இஞ்ச் உயரம், நாலு இஞ்ச் கனம். முழுக் கல்லையும் குடைஞ்சு பன்னிரண்டு அறை, முன்னாடி 3 எம்எம் கண்ணாடி, ஒரு ஓரத்துல தண்ணி ஊத்தக் குழி. வெளிய சுத்தித் திரிய ஒரு பிளாஸ்டிக் டப்பா, ரெண்டுக்கும் நடுவுல டியூப். இதான் பிளான். செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

லேசர்கட் கோவை:
கல்லு வேண்டாங்க. நான் அக்ரிலிக் வெட்டுற தொழில்ல இருக்கேன், வியாபாரத்துக்குப் பேசறேன்னு நினைச்சாலும் பரவால்ல. ஏஏசி புதுசுல வெள்ளையா அழகா இருக்கும். போகப் போக ஈரம் பட்ட இடமெல்லாம் கருப்புப் பூஞ்சை, எச்சக் கறை. கழுவ முடியாது. அக்ரிலிக்னா ஒரு பெட்டி அழுக்கானா அதை மட்டும் கழட்டிக் கழுவிக்கலாம், குடும்பம் பெருத்தா இன்னொரு பெட்டியை மாட்டிக்கலாம். ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பக்கம் மட்டும் போயிராதீங்க, கட்டெறும்புத் தாடைக்கு அது பொட்டுக்கடலை மாதிரி.

பூச்சி டீச்சர்:
கழுவுகிற வசதியைப் பற்றி லேசர்கட் சொன்னது சரி. அதைத் தாண்டி ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எறும்பு வீட்டுக்கு முதல் தேவை, ஒரு முனை ஈரமாகவும் மறுமுனை உலர்ந்தும் இருப்பது. முட்டையும் சின்னப் புழுவும் ஈரப் பக்கம், கூட்டுப்புழுக்கள் உலர்ந்த பக்கம் என்று வேலைக்கார எறும்புகளே தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டிருக்கும். சார்ல் ழானே என்ற பிரெஞ்சு எஞ்சினியர் இதை ப்ளாஸ்டரில் செய்துகாட்டினார்: ஒரு முனைத் தொட்டியில் தண்ணீர், அங்கிருந்து அறைக்கு அறை ஈரம் குறைந்துகொண்டே போகும். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய கூடுகளை வைத்திருந்தார்கள். ஏஏசி கல் அதே வேலையைச் செய்யும்; தண்ணீரை உறிஞ்சி மெதுவாகப் பரப்பும். அக்ரிலிக் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. சுவரில் நீர் கோத்து நிற்கும், அதில் புழுக்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் தம்பி கல்தச்சன், பன்னிரண்டு அறை எதற்கு? டியூபிலிருந்து வருகிற குடும்பத்துக்கு மூன்று அறை தாராளம். மீதியைக் காலியாக விட்டால் குப்பைக்கிடங்கு ஆக்கிவிடும். தின்று போட்ட கரப்பான் கால், செத்த எறும்பு எல்லாம் வெளி டப்பாவுக்குப் போகாமல் காலி அறையில் சேரும், அங்கே பூஞ்சை பிடிக்கும். மற்ற எறும்புகளில் பலவற்றுக்கு மார்பின் பின்பக்கம் கிருமியைக் கொல்லும் சுரப்பி ஒன்று உண்டு. கட்டெறும்பு வகையறாவில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. பூஞ்சை விஷயத்தில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

லேசர்கட் கோவை:
டீச்சர், நீங்க சொல்றதே எனக்குத்தான் சாதகம். பூஞ்சையைத் தாங்காத எறும்பை எதுக்கு ஈரக் கல்லுக்குள்ள போடணும்? கட்டெறும்பு எங்க இருக்கு? வேப்ப மரத்தடி, கருவேல மரத்தடி, காஞ்சு வெடிச்ச மண்ணு. அக்ரிலிக் தரையில ஒரு வலை, அதுக்கடியில நனைச்ச ஸ்பாஞ்ச். ஒரு அறைக்கு மட்டும் வச்சா நீங்க சொன்ன ஈர முனை வந்தாச்சு. மூடியில காத்துக்கு எஃகு வலை. ஃபார்மிக் அமிலம் பீய்ச்சுற எறும்பை காத்தோட்டம் இல்லாத கூட்டுல அடைச்சா அதோட அமிலத்துலயே அது சாகும். கல்லுக்கு மேல கண்ணாடியை ஒட்டி அடைக்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்ல.

பூச்சி டீச்சர்:
வெடித்த மண் மேலே. அதே கூட்டைத் தோண்டினால் வேர் ஓடுகிற ஆழத்தில் மண் கையில் ஒட்டும். புழுக்களை அங்கேதான் வைத்திருக்கும்.

காற்றோட்டம் பற்றிச் சொன்னது நல்ல பாயிண்ட். கல்லிலும் உலர்ந்த முனையில் ஒரு துளை போட்டு எஃகு வலை ஒட்டலாம். பிளாஸ்டிக் வலை போட்டால் கடித்துவிடும்.

வயக்காட்டான்:
வேடிக்கை பாத்துட்டு இருந்தேன், பொறுக்கல. எங்க தோட்டத்துல மாவுப்பூச்சி மேல கையை வச்சா ஓடி வந்து கடிக்கிறது இந்தக் கட்டெறும்புதான். மாவுப்பூச்சி விடுற தேன் மாதிரி கழிவுக்காக ராத்திரி பகலா காவல் நிக்குது. அதுக்கு நீங்க கல்லா அக்ரிலிக்கான்னு பட்டிமன்றம் நடத்துறீங்க!

சரி, அது சிரிப்புக்கு. நெசமாக் கேக்குறேன், எதுக்கு அடைக்கணும்? 2022-ல நத்தம் பக்கம் கரந்தமலைல மஞ்சப் பைத்தியக்கார எறும்பு பெருகி ஆடு மாடு கண்ணெல்லாம் புண்ணாகி, சனங்க மலையடிவாரத்தைக் காலி பண்ணுன கதை தெரியும்ல? எறும்பை இடம் மாத்தி விட்டா இதுதான் நடக்கும்.

கல்தச்சன் (மதுரை):
அண்ணே, கரந்தமலை எறும்பை யாரும் வீட்ல வளர்த்து விடல. நான் வளர்க்கிறது எங்க தெரு எறும்பு. தப்பிச்சாலும் எங்க தெருவுக்குத்தான் போகும்.

பூச்சி டீச்சர்:
பறந்து இறங்குகிற ராணிகளில் பெரும்பாலானவை பல்லி, குருவி, மற்ற எறும்புகள் வாய்க்குப் போய்விடும். அதில் ஒன்றை எடுப்பதால் மரத்தடிக் கூடு அழியாது. வெளியூர், வெளிநாட்டு எறும்பு வாங்குவதை நானும் எதிர்க்கிறேன். 2025-இல் கென்யாவில் இரண்டு பெல்ஜியப் பையன்கள் சுமார் 5,000 எறும்புகளைப் பஞ்சு அடைத்த குழாய்களில் வைத்திருந்து பிடிபட்டார்கள். பெரும்பாலும் ராணிகள். பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் ஒரு வருடம் ஜெயில் என்று தீர்ப்பு. தெருவிளக்கடி ராணியை அதோடு சேர்க்க முடியாது.

வயக்காட்டான்:
அந்தப் பையன்களும் ஆசைக்குப் பிடிச்சோம்னுதான் சொன்னாங்க. இன்னைக்கு ஒரு ராணி, அடுத்த மழைக்கு நாலு, அப்புறம் குழாயில போட்டு விலை. எந்த இடத்துல நிறுத்துவீங்க?

இன்னொண்ணு டீச்சரம்மா. ராணி எத்தனை வருசம் இருக்கும்?

பூச்சி டீச்சர்:
இனத்துக்கு இனம் மாறும். இங்கிலாந்தில் சர் ஜான் லப்பக் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே மண் வைத்து வளர்த்தவர். 1874-இல் பிடித்த ஒரு ராணி அவரிடம் 1888 வரை இருந்தது.

வயக்காட்டான்:
பதினாலு வருசம்! அந்தாளு பேங்க் முதலாளி, எம்.பி., வேலைக்கு ஆள் இருந்திருக்கும். நம்ம தம்பிக்கு நாளைக்குக் கல்யாணம், டிரான்ஸ்ஃபர்னா யார் பாக்குறது? கல்லைக் கொண்டுபோய் ரயில்வே டேசன்ல வச்சுட்டுப் போவாரா? கல்லா அக்ரிலிக்கான்னு கேக்குறதுக்கு முந்தி இதைக் கேக்கணும்.

கல்தச்சன் (மதுரை):
நியாயமான கேள்விண்ணே. எங்க அப்பா இப்பவே காலைல எந்திரிச்சதும் அதைத்தான் பார்க்கிறார். விக்கிற எண்ணம் இல்ல. அடுத்த மழைக்கு இன்னொரு ராணி வேணாம்னு இங்கயே எழுதி வச்சுக்கிறேன்.

கூட்டுக்கு வருவோம். கல்லை எட்டு இஞ்ச் நீளத்துக்கு அறுத்துட்டேன், ஆக்சா பிளேடே போதும். தண்ணில ஊற வச்சு நனைஞ்ச கல்லாவே குடையறேன். காஞ்ச கல்லுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, நனைஞ்சிருந்தா சேறா வழியுது. பழைய ஸ்க்ரூ டிரைவரைச் சாய்ச்சுப் பிடிச்சு வழிச்சா ஐஸ்க்ரீம் கரண்டி போட்ட மாதிரி சுருண்டு வருது. பெரிய தலை உள்ள வேலைக்கார எறும்புங்க திரும்ப இடம் வேணும்னு அறை ஒன்றரை செ.மீ. ஆழம். இப்போதைக்கு மூணு அறை. நாலாவதுக்கு வழியைப் பஞ்சு வச்சு அடைச்சிருக்கேன்.

லேசர்கட் கோவை:
மூணு அறைன்னா கல்லையும் ஒத்துக்கிறேன், போங்க. ஆனா கண்ணாடியை சிலிகான் போட்டு நிரந்தரமா ஒட்டாதீங்க. காயற வரைக்கும் வினிகர் வாடை வரும், அது அசிட்டிக் அமிலம். ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்க, என்னைக்காவது திறக்கணும். கண்ணாடிக்கு மேல சிவப்பு செலஃபோன். சிவப்பு அதுக கண்ணுக்குக் கிட்டத்தட்ட இருட்டுதான். டப்பா விளிம்புல டால்கம் பவுடரை ஸ்பிரிட்டுல குழைச்சுப் பூசுனா ஏறாது. ஐப்பசி ஈரத்துல அது உதிரும், அப்ப மறுபடி பூசணும்.

பூச்சி டீச்சர்:
உள்ளேயிருந்து வெளியே போவதைவிட வெளியேயிருந்து உள்ளே வருவது ஆபத்து. சமையல்கட்டுச் செவ்வெறும்பு ஒரே ராத்திரியில் முட்டை முழுக்கத் தூக்கிவிடும். கூட்டை ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வை, சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற ஏற்பாடுதான். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டால் மேலே நடந்து வர முடியாது.

சாப்பாட்டுக்கு வீட்டுக் கரப்பான் வேண்டாம். எறும்புச் சாக்பீஸோ ஸ்ப்ரேயோ போட்ட வீடு என்றால் அதன் உடம்பில் மருந்து இருக்கும்.

வயக்காட்டான்:
சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. மருந்து அடிக்காத என் தோட்டத்துல வெட்டுக்கிளி எவ்வளவு வேணாலும் பிடிச்சுக்கலாம். ஆனா நான் சொன்னதுல இருந்து இன்னும் இறங்கல.