காஷ்மீர் கிரேட் லேக்ஸ்: முதல் ட்ரெக்கே இதுவா?

பச்சத்தண்ணி: செப்டம்பர் முதல் வாரம் சோனாமார்க்ல ஆரம்பிச்சு நாராநாக்ல முடியுற ஏரி ட்ரெக் போலாம்னு இருக்கேன். விஷன்சர், கிஷன்சர், காட்சர், சட்சர், கங்காபல், நுந்த்கோல் எல்லாம் வருதாம். மலை ஏறின அனுபவம் இல்ல, டெய்லி வாக்கிங் மட்டும் உண்டு. போலாமா?

ஒத்தையடி: தாராளமா போங்க ஜி. பாதி வழி புல்வெளிதான், கயிறு கட்டி ஏறுற இடம்லாம் கிடையாது. காட்சர் பாஸ் (மலைக் கணவாய்) மேல நின்னு திரும்பிப் பாருங்க, மேல கிஷன்சர் கீழ விஷன்சர்னு ரெண்டு ஏரியும் ஒண்ணா தெரியும், அந்த ஒரு இடத்துக்கே போலாம்.

முட்டிவலி: அண்ணே, "தாராளமா"ன்னு வாய்ல சொல்லிடலாம். அந்த காட்சர் பாஸே கிட்டத்தட்ட 4,200 மீட்டர். ஸ்ரீநகர் 1,600 கூட இல்ல. 3,000 தாண்டிட்டா தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னு டாக்டருங்க தலபாடா அடிச்சுக்கறாங்க, இங்க ஃப்ளைட்ல இறங்கின சூட்டோட சோனாமார்க் போயி மறுநாளே இன்னும் மேல இருக்கற நிச்நாய் பக்கம் டென்ட் போட்டா, உயரம் ஒத்துக்காம தலைவலி வராம என்ன வரும்?

ஒத்தையடி: அதுக்குத்தான் சோனாமார்க்ல ஒரு நாள், விஷன்சர்ல ஒரு நாள் சும்மா இருக்கணும். அவசரப்படுறவன் தப்புக்கு ரூட்ட ஏன் திட்டுறீங்க?

முட்டிவலி: ரூட்டும் லேசுப்பட்டதில்ல தம்பி. நிச்நாய் பாஸ் தாண்டிட்டா எந்தப் பக்கம் ரோட்டுக்கு வரணும்னாலும் நடந்துதான் வரணும், இல்லாட்டி குதிரை. போனும் வேல செய்யாது. கடைசி நாள் கங்காபல்ல இருந்து நாராநாக் வரைக்கும் 1,200 மீட்டருக்கு மேல ஒரே இறக்கம், மழை பேஞ்சிருந்தா பைன் காட்டுக்குள்ள மண்ணு வழுக்கும், முட்டி கழண்டுடும். என் பேர பாத்தாலே தெரியலயா 😄

கூழாங்கல்: ரெண்டு பேரும் டென்ட் எங்க போடுறாங்கன்னு பேச மாட்டேங்கறீங்களே. அந்த ஏரியெல்லாம் பனிப்பாறை குடைஞ்ச பள்ளத்துல நிக்கிற தண்ணி, குளிர்ல எந்த அழுக்கும் சீக்கிரம் மக்காது. அதோட கரையிலயே நூடுல்ஸ் பாத்திரம் கழுவி சோப்பு நுரைய அப்டியே ஏரியில ஊத்துறாங்க. விஷன்சர்ல ட்ரவுட் மீன் இருக்குப்பா!

ஒத்தையடி: அது கரெக்ட், கரையில இருந்து நல்லா தள்ளித்தான் போடணும். ஆனா அதுக்காக யாருமே போகக்கூடாதா?

கூழாங்கல்: போகக்கூடாதுன்னு சொல்லல. பெரிய கும்பலா போகாதீங்க, சின்ன குரூப்பா போங்கங்கறேன்.

பச்சத்தண்ணி: சரி, ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா லீவு கேக்குறேன். லீவு கிடைக்கலன்னா?

முட்டிவலி: சோனாமார்க்ல தஜ்வாஸ் பனிப்பாறை வரைக்கும் நடந்துட்டு வாங்க.

ஒத்தையடி: லீவு கிடைக்கும் ஜி. ஒரிஜினல் ஐடி கார்ட மறக்காதீங்க, வழியில ஆர்மி செக் பண்ணுவாங்க.