சனி பற்றைக்காடு, ஞாயிறு தார் வீதி: ஒரே சைக்கிளில் இரண்டும் ஓடலாமா?

சாம்பல்தீவுத் தம்பி:
வணக்கம். ஆகஸ்டில் ஒரு சனி ஞாயிறு எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கழகங்கள் சேர்ந்து சைக்கிளோட்டம் வைக்கிறார்கள். சனி காலை கன்னியாப் பக்கம் பற்றைக்காட்டுக்குள் மவுண்டன் பைக் சுற்றோட்டம். ஞாயிறு உப்புவெளியில் தொடங்கி, நிலாவெளி வீதியால் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளி போய்த் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் பெயர் கொடுக்க ஆசை. கையில் இருப்பதோ 26 அங்குலச் சில்லு வைத்த மவுண்டன் பைக் ஒன்றுதான். இன்னொன்று வாங்கக் காசு கேட்டால் அம்மா முதலில் கூரைத் தகரத்தை மாற்றச் சொல்வார். ஞாயிறு ரேசர் சைக்கிள்காரரோடு நிற்க முடியுமா, இல்லை சனியோடு நிறுத்தவா?

உவர்மலைக்காரன்:
சனியோடு நிறுத்துங்கள். நேர் ஹாண்டிலோடு போய்க் குச்சவெளிக் காற்றில் மாட்டினால் வீட்டுக்கு ஓட்டோதான்.

கிண்ணியா நானா:
தம்பியைப் பயம் காட்டாதீங்க. ஓடலாம். நான் சைக்கிள் கடைக்காரன், இப்படி வருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் விதிமுறையைக் கேளுங்கள். சர்வதேச விதிப்படி வீதி ஓட்டத்துக்கு வளைந்த ஹாண்டில் வேண்டும். ஊர் ஓட்டங்களில் மவுண்டன் பைக்குக்குத் தனிப் பிரிவு வைப்பார்கள், அல்லது கண்டுகொள்ள மாட்டார்கள். எதுவென்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அப்புறம் ரயர். சனிக்கு 2.1 அங்குல முண்டு முண்டான ரயர், ஞாயிறுக்கு 1.5 அங்குல வழுவழு ரயர். சில்லு அதே சில்லுதான். வீதி ரயரில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், அதற்குக் கிட்ட அடியுங்கள். முன் ஸ்பிரிங்குக்குப் பூட்டு இருந்தால் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மிதிக்கிற பலத்தில் பாதியை அது தின்னும். (பாதி என்பது கொஞ்சம் கூடத்தான், கடைக்காரன் கணக்கு.)

கியர் காணுமா என்றால், முன்னுக்கு 42 பல், பின்னுக்கு 11 பல் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 41 கிலோமீற்றர் வரும். கூட்டத்துக்குள் ஒளிந்து போக அது தாராளம். கடைசியில் பாய்ந்து ஓட மட்டும் காணாது.

இனிக் காற்று. உவர்மலைத் தம்பி சொன்னதில் இதுதான் உண்மை. ஆகஸ்டில் கச்சான் காற்று, அதாவது தென்மேல் காற்று, தரைப்பக்கத்திலிருந்து அடிக்கும். குச்சவெளிக்குப் போகும்போது உங்கள் இடது தோளில் படும், திரும்பும்போது வலது தோளில். அப்படியென்றால் போகும்போது காற்றுப் படாத ஒதுக்கு முன்னால் ஓடுபவனின் வலப்பக்கம் சற்றுப் பின்னே கிடைக்கும். திரும்பும்போது இடப்பக்கம். அங்கேதான் வில்லங்கம். நாங்கள் இடது கரையால் ஓடுகிறவர்கள், நிலாவெளி வீதிக் கரையில் மணல் வந்து தாரை மூடிக் கிடக்கும். முன்னுக்கு நிற்பவன் கெட்டிக்காரன் என்றால் வேண்டுமென்றே கரையோடு ஒட்டி ஓடுவான். பின்னால் வருகிறவனுக்கு ஒதுக்கே இருக்காது, ஒன்று காற்று, இல்லாவிட்டால் மணல். ஆகவே இறக்கக்கண்டிப் பாலத்துக்கு முன்னமே கூட்டத்தின் முதல் ஏழெட்டுப் பேருக்குள் நின்றுவிடுங்கள். பாலத்தில் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. கூட்டம் உடைவது அங்கேதான்.

பழக வேண்டுமென்றால் எங்கள் கிண்ணியாப் பாலத்துக்கு வாருங்கள். 2009 இல் திறந்தது, ஏறக்குறைய 400 மீற்றர். முந்தி ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும், இப்போது காற்றோடு மல்லுக்கட்ட இலவச இடம்.

நிலாவெளி ரீச்சர்:
நானா சனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. கன்னியாப் பக்கம் ஒரு சுற்றாவது முன்கூட்டி ஓடிப் பாருங்கள் தம்பி. கிறவலில் வேகமாக வந்து திடீரென்று மணலுக்குள் இறங்குவீர்கள். அங்கே ஹாண்டிலைத் திருப்பினால் விழுவதுதான். பின்னுக்கு நகர்ந்து இருந்து, கையைத் தளர விட்டு, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். மணலுக்காகக் காற்றை மிகவும் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து ரியூபில் பக்கத்துக்கொன்றாக ஓட்டை விழும்.

பயிற்சிக்குத் தனியே போவதென்றால் பன்குளம் பக்கம் விடிய முன் போக வேண்டாம். யானை நடமாட்டம் உண்டு.

சனி மத்தியானமே சோறும் தண்ணீரும் ஒழுங்காக எடுங்கள். தேசிக்காய்ப் புளி, சீனி, ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீர் போதும், கடையில் விற்கும் கலர் தண்ணீர் தேவையில்லை.

உவர்மலைக்காரன்:
கால் செத்துப் போனால் கன்னியாவிலேயே செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையையும் முடித்துவிடலாம். வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கு.

சாம்பல்தீவுத் தம்பி:
உங்கள் வாயில் நல்லதே வராதா அண்ணா! நானா, சனி ஓட்டத்தில் போட்ட ரியூபையே ஞாயிறு ரயருக்கும் போடலாமா?

கிண்ணியா நானா:
வேண்டாம். 2.1க்கு உரிய ரியூப் ஒடுங்கிய ரயருக்குள் மடிந்து நிற்கும், மடிப்பில் வெடிக்கும். சின்ன ரியூப் இரண்டு வாங்குங்கள், ஒன்று சட்டைப்பைக்கு.

சனி பின்னேரம் பெரிய ரயரைக் கழற்றியதும் கொஞ்சம் பஞ்சை எடுத்து உட்பக்கம் முழுக்கத் தடவிக்கொண்டு வாருங்கள். நெருஞ்சி முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு இழுபட்டு நிற்கும் இடத்தில் இருக்கும். வெளியிலிருந்து தோண்டாமல் உள்ளேயிருந்து தள்ளி எடுங்கள். அதைப் பார்க்காமல் புது ரியூப் போட்டால் அதுவும் போகும்.

1.5 ரயர் கடையில் ஒரு சோடி கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வருவதென்றால் ஜும்ஆ முடிந்து இரண்டரைக்குப் பிறகு வாங்க, அதற்கு முதல் பூட்டியிருக்கும்.