[கலைச்சொல்] செக்யூரிட்டி கிளியரன்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ம. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக வேலை தேடும் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து வருகிறோம். ஞாயிறு இரவு அச்சுக்குப் போயாக வேண்டும். செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்ற ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. அரசின் ரகசியத் தகவலைக் கையாளும் வேலைக்கு ஒருவரை நம்பலாமா என்று பின்னணியை ஆராய்ந்து அரசு எடுக்கும் முடிவு அது.

வரைவில் 'பாதுகாப்பு அனுமதி' என்று இருந்தது. படித்துப் பார்த்த இருவருமே ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதற்கு எங்கே விண்ணப்பிக்கணும், கட்டணம் எவ்வளவு?" 'வேலை அனுமதி' அட்டை மாதிரி இதையும் நாமே போய் வாங்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

விளம்பரங்களில் வழக்கமாக மூன்று விதமாக வரும். கிளியரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். பெறக்கூடியவராக இருக்க வேண்டும். முன்பு இருந்து காலாவதியானவரும் விண்ணப்பிக்கலாம். மூன்றுக்கும் பொருந்துகிற சொல்லாகச் சொல்லுங்கள்.

இரா. எழுதியது:

அம்மா, இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். குறளில் 51ஆம் அதிகாரமே 'தெரிந்துதெளிதல்'.

அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின்
திறந்தெரிந்து தேறப் படும்.

ஒருவனை அரசுப் பொறுப்பில் அமர்த்தும் முன் நான்கு வழியில் ஆராய்ந்து தேற வேண்டும் என்கிறார். பரிமேலழகர் இவற்றை நான்கு உபதைகளாக, அதாவது சோதனைகளாக விரித்து, ஒவ்வொன்றிலும் எப்படிச் சோதிப்பது என்றே எழுதியிருக்கிறார். கடன் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வெளிநாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்று கிளியரன்ஸுக்கான அமெரிக்கப் படிவம் கேட்பதும் அதே ஆராய்ச்சிதான். தேறுதல் என்றால் ஆராய்ந்து நம்புதல். ஆகவே 'தேற்றம்'. தேற்றம் உள்ளவர், தேற்றம் பெறக்கூடியவர், தேற்றம் காலாவதியானவர். மூன்றும் பொருந்திவிட்டன.

செ. எழுதியது:

ஐயாவின் குறள் சரி. ஆனால் உபதை வடசொல், அதைத் தொட வேண்டாம். 'தேற்றம்' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிதாகரசு தேற்றம்தான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'மறைகடவு', அதாவது ரகசியத்துக்குள் போகும் வழி. கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டையும் மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இதையும் ஏற்பார்கள். கட என்ற வேரிலிருந்து கடவு. அதிலிருந்தே கடவுள், கடன், கடமை, கடல் எல்லாம் பிறந்தன.

இரா. எழுதியது:

கடலையும் கடனையும் ஒரே வேரில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. கடவுளைப் பற்றித் தனி இழையில் பேசுவோம். தேற்றம் கணக்குக்கு மட்டும் உரிய சொல் அல்ல. தேற்ற ஏகாரம் படிக்காமல் இலக்கணம் படித்தவர் இங்கே யார்? உறுதிப்பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நி. எழுதியது:

கடவு எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் பாதசாரிக் கடவை, ரயில் கடவை என்று நாளாந்தம் புழங்குகிற சொல். ஆனால் அதைக் கேட்டால் ஒரு இடத்தைக் கடந்து போவதுதான் மனதில் வரும்.

இன்னொன்று. நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே விதி வேறு. நிரந்தர வதிவிடம் உள்ளவரும் இதைப் பெறலாம். ஆனால் ரகசிய மட்டம் என்றால் பத்து ஆண்டுப் பின்னணியைப் பார்ப்பார்கள். அண்மையில் வந்தவருக்கு அந்தப் பத்தில் பெரும்பகுதி ஊரிலே கழிந்த காலம். எங்கட ஆட்களில் பலர் போரில் இடம் மாறி மாறி இருந்தவர்கள், அந்த முகவரிகளுக்குப் பத்திரம் எங்கே தேடுவது? பொலிஸ் நற்சான்றிதழையும் ஆட்கள் 'கிளியரன்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் குழம்பாமல் பாருங்கோ.

கு. எழுதியது:

நான் அமெரிக்காவில் இந்த வழியில் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், தனி ஆள் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசு அலுவலகமோதான் நம்மை முன்மொழிய வேண்டும். அப்புறம்தான் எஸ்எஃப்-86 என்ற படிவம் நம் கைக்கு வரும். இரண்டாவது, 1995இல் வந்த 12968ஆம் நிர்வாக ஆணைப்படி இது குடிமக்களுக்கு மட்டுமே. குடிமகன் அல்லாதவருக்கு மிக அரிதாக ஒரு வரம்புக்குட்பட்ட அணுகல் தருவார்கள். அதை நம்பி வேலை தேட முடியாது. பச்சை அட்டை வாங்கிப் பொதுவாக ஐந்து ஆண்டு கழித்துத்தான் குடியுரிமைக்கே விண்ணப்பிக்க முடியும். அதுவரை இந்த விளம்பரங்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பது வீண். நான் அப்படி நிறைய போட்டேன். ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணலும் முடித்த பிறகுதான் குடியுரிமை பற்றியே கேட்டார்கள்.

இதில் யாரும் நம் கையில் ஒன்றும் தருவதில்லை. நம்மைப் பற்றிய ஒரு முடிவு அரசின் பதிவில் ஏறுகிறது, அவ்வளவுதான். அனுமதி, சான்று, கடவு மூன்றுமே கையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் மாதிரி ஒலிக்கின்றன. அந்த ஆணையின் வாசகமே மறைத்தகவலை அணுகும் தகுதி என்றுதான் போகிறது. எனவே 'மறைத்தகவல் தகுதி' என்று வைப்போம். கிளியரன்ஸ் இருந்த வேலையை விட்டபின் பொதுவாக 24 மாதத்துக்குள் இன்னொரு இடத்தில் சேர்ந்தால் பழைய தகுதியைப் புதுப்பிக்கலாம்; அதற்கும் இந்தச் சொல் ஒத்து வருகிறது.

ஐடார் என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி. பச்சை அட்டை உள்ளவரும், அகதியாக ஏற்கப்பட்டவரும் அந்த விதிப்படி தகுதியானவர்களே. இது தெரியாமல் எத்தனையோ பொறியாளர்கள் அந்த வேலைகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செ. எழுதியது:

'மறைதகவல்' என்று த் இல்லாமல் எழுதலாமே? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.

இரா. எழுதியது:

கூடாது. வினைத்தொகை என்றால் மறைந்த, மறைகிற, மறையும் தகவல் என்று விரியும். அதாவது தானே காணாமல் போகும் தகவல். இங்கே மறை என்பது பெயர், வல்லினம் மிகத்தான் வேண்டும். ஆனால் மறை என்றால் பலருக்கு வேதம். அரசு அலுவலகங்களில் ரகசியம் என்ற பொருளில் 'மந்தணம்' நெடுநாளாகப் புழங்குகிறது.

செ. எழுதியது:

மந்தணம் மந்திரத்தின் உறவு. வேண்டவே வேண்டாம்.

ம. எழுதியது:

ஐயா, நீங்கள் காட்டிய அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். ஒரு குறளில் என்னால் மேலே போக முடியவில்லை.

அற்றாரைத் தேறுதல் ஓம்புக மற்றவர்
பற்றிலர் நாணார் பழி.

சுற்றம் இல்லாதவரை நம்பாதே. பற்று இல்லாததால் பழிக்கு நாண மாட்டார் என்கிறது. அமெரிக்கப் படிவமோ எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறது. தாய், தந்தை, உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் எல்லாரும் எந்த நாட்டுக் குடிமக்கள், எங்கே வசிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக எழுத வேண்டும். குடிவந்தவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். இந்த ஊரில் சுற்றம் இல்லை, இருக்கிற சுற்றம் வேறு நாட்டில். வெளிநாட்டு உறவு இருப்பதாலேயே தகுதி போய்விடாது, மொத்த வாழ்க்கையையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடப் போகிறேன். மறைக்காமல் எழுதுங்கள் என்றும்.

சொல்லுக்கு வருகிறேன். 'மறைத்தகவல் தகுதி'யை மீண்டும் அதே இருவரிடம் காட்டினேன். ஒருவர், "இது குடியுரிமைக்குப் பிறகு வருகிற சங்கதியா?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

நி. எழுதியது:

எனக்கும் சரி. கனடா விதி வேறென்று ஓரத்தில் ஒரு வரி போடுங்கோ.

செ. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தடையாக இருக்க மாட்டேன். ஆனால் மூன்று சொல்லை அடுக்கிப் பொருள் சொல்வது விளக்கம், கலைச்சொல் ஆகாது. என் மாறுபாட்டைப் பதிந்து வைக்கிறேன்.

இரா. எழுதியது:

கையேட்டுக்கு அப்படியே இருக்கட்டும். என் சொல்லடைவில் தேற்றம்தான்.

கு. எழுதியது:

நல்லது. அம்மா, ஒன்று விட்டுப்போச்சு. 'பப்ளிக் டிரஸ்ட்' என்று ஒன்று விளம்பரங்களில் வரும், நம்பிக்கை தேவைப்படும் அரசுப் பொறுப்புகளுக்கானது. பின்னணியை விசாரிப்பார்கள், ஆனால் அது கிளியரன்ஸ் கிடையாது. சில ஒப்பந்த வேலைகளில் பச்சை அட்டைக்காரரையும் எடுக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அதுதான் முதலில் பயன்படும். 'நம்பகத் தகுதி' என்று போடலாமா?

இரா. எழுதியது:

நம்பகம் என்ற ஆக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காலையில் விரிவாக எழுதுகிறேன்.