ஜூன் முதல் வாரமே பாடத்தைத் தொடங்கலாமா?

கேள்வி: அரசு தொடக்கப்பள்ளி, இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி திறந்ததும் பாடநூல், நோட்டு கொடுத்துவிடுவோம். உடனே முதல் பாடமா, கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமா?

பதில் 1: விட்டுப் பிடியுங்கள் டீச்சர். கோடை விடுமுறையில் வாசிப்பு மறந்திருக்கும், தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே இதற்குத்தான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்கலாம்.

பதில் 2: ஒரு வாரம் போதும், செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஆனால் போன வருஷ ஆசிரியரிடம் ‘இவன் எப்படி’ என்று மட்டும் விசாரிக்காதீர்கள். படிக்கவே மாட்டான் என்று பேர் வாங்கியவன்கூட புது நோட்டுக்கு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வருவான், அந்தப் பக்கத்தை நின்று பார்த்துப் பாராட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி சார். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் வரும்போதும் இதையே செய்து பார்க்கிறேன்.